சேர்த்துத் துவைத்த துணி

மானகிரியில் நான் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிறேன். பஞ்சுப் போர்வை மாதிரி இருக்கும் கண்ணாடி நாரை அச்சின் மேல் விரித்து, ரெசினைத் தடவி, உருளையால் அழுத்திக் காற்றை விரட்ட வேண்டும். வெறும் ரெசின் காய்ந்தால் அப்பளமாக நொறுங்கும். உள்ளே நார் இருந்தால் தொட்டி மேல் மாட்டையே ஏற்றலாம். ரெசினுக்குள் போன நார் பரம சாது. வெளியே பறக்கும் நார்தான் என் ஜென்மப் பகை. சட்டையில் ஒட்டி வந்து தோலில் குத்தும். அதனால் என் வேலைச் சட்டை கொல்லையில் இருக்கும் வாளியைத் தாண்டி வீட்டுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மகளைப் பெண் பார்க்கச் சாக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த அன்று, காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலிகளை இடம் மாற்றினேன். பிறகு பழையபடியே போட்டேன். "செத்த உக்காருங்க, தலை சுத்துது" என்றாள் மனைவி. எப்படி உட்காருவது? முந்தைய வரன், "பொண்ணோட அப்பாவுக்குக் கெமிக்கல் வேலையாமே" என்று இழுத்து, அதோடு நின்றுபோயிருந்தது. இதுவும் என் தொழிலால் கெட்டுவிடுமோ என்று பயந்தேன்.

வந்தார்கள். நல்ல வெயில். மாப்பிள்ளைப் பையன் முகம் கழுவினார், துண்டு கொடுத்தேன். மகள் காபித் தட்டோடு வந்து நின்றாள். கழுத்தைச் சொறிந்தாள். பிறகு தோளை. பிறகு மறுபடி கழுத்தை.

கல்லலிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்த என் அக்காவைப் பார்த்தேன். "நேத்து எல்லாத்தையும் ஒண்ணா மெஷின்ல போட்டுட்டேன்டா, வாளியில கெடந்ததையும் சேத்து" என்று காதில் சொன்னாள். மகளின் ரவிக்கை, துண்டுகள், எல்லாம் போச்சு.

பட்ட காலிலே படும் என்பார்கள். பையனும் கன்னத்தைச் சொறிந்தபடி, "சார், இங்க கொசு அதிகமா?" என்று கேட்டார்.

அவருடைய அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டார். "பொண்ணுக்கு மேலுக்கு என்ன செய்யுது? தொத்து வியாதி எதுவுமா?"

மகள்தான் சொன்னாள்.

"வியாதி இல்ல அத்தை. எங்கப்பா வேலை பாக்குற கண்ணாடி நாரு. துணியோட துணியா ஒட்டிக்கிருச்சு. என்னைப் படிக்க வச்சதே அதுதான். தேய்க்காம பச்சத் தண்ணியில கழுவச் சொல்லுங்க, போயிரும்."

பையன் எழுந்து கொல்லைக் குழாய்க்குப் போனார். கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

முகத்தில் தண்ணீர் சொட்ட வந்து நின்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் துண்டால தொடைக்காதீக, மாமா."