கீழ்வீட்டுத் தொலைக்காட்சியில் கேட்ட அழுகை

கரமனையில் நான் வாடகைக்கு இருக்கும் மாடிதான் என் அலுவலகமும். மனநல ஆலோசனை என் தொழில். வருகிறவர்கள் சம்மதித்தால் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து மடிக்கணினியில் வைத்திருப்பேன். தொலைவில், வித்துரா என்ற ஊரில் இருக்கும் என் உதவியாளர் தன் வீட்டிலிருந்தே இணையம் வழியாக என் கணினிக்குள் வந்து, அவற்றைக் கேட்டுக் குறிப்பெழுதித் தருவார். கீழே வீட்டுக்கார மாமாவும் மாமியும். வைஃபை மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் போடச் சொல்லக் கீழே இறங்கினேன். கூடத்தில் ஒரு பெண் விம்மி அழும் சத்தம். ஏதோ சீரியல் என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். அடுத்த வாக்கியம் அந்தப் பெண் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. "அவர் செத்தப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் என் குரல் வந்தது: "மெதுவா சொல்லுங்க, அவசரமே இல்ல."

திரையில் படம் எதுவும் இல்லை. என் மடிக்கணினியின் பெயரும், அதன் கீழே அந்தப் பதிவின் தேதியும் மட்டும் இருந்தன.

"வாடி, ஒக்காரு" என்றார் மாமி. "பஜனை தேடிண்டிருந்தேன், இது வந்துது. நாடகமாக்கும்னு கேட்டேன். என்னமா நடிக்கறா பாரு! நடுவுல உன் கொரல் மாதிரியே ஒண்ணு கேக்கறது..."

ரிமோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் கடைசியில் சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்தேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு மெல்லப் புரிந்தது.

"இது நாடகம் இல்லையா?" என்றார், வாயைப் பொத்திக்கொண்டு.

மாடிக்கு ஓடி உதவியாளரை அழைத்தேன்.

"அய்யோ சேச்சி, மொதல்ல வைஃபைய ஓஃப் ஆக்குங்க" என்றார், தன் மலையாளம் கலந்த தமிழில். பிறகு அழ ஆரம்பித்தார். "போன தடவ அங்க வந்தப்ப நான்தான் ஷேரிங் ஓண் பண்ணினேன். நம்ம ரெண்டு லேப்டாப்பும் மட்டும் பாக்கும்னு நெனச்சேன். கீழ டிவியும் அதே வைஃபைனு ஓர்மையே இல்ல, மறந்தே போயிட்டேன்."

டெக்னோபார்க்கில் கணினி வேலை செய்யும் என் தம்பி மாலையில் வந்து பார்த்தான். இன்னும் மோசமான ஒன்று இருந்தது. வித்துராவிலிருந்து உள்ளே வரும் அந்த வழிக்கு நாங்கள் வைத்திருந்த கடவுச்சொல் என் செல்பேசி எண். "உன் விசிட்டிங் கார்டு கையில இருக்கற எவனும் உள்ள வரலாம், அக்கா" என்றான். யாராவது வந்தார்களா என்று உறுதியாகச் சொல்ல அவனாலும் முடியவில்லை.

பகிர்வை முழுவதும் நிறுத்தினான். எனக்கென்று தனி இணைப்பு வாங்கினோம். இப்போது உதவியாளர் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிவழியில் மட்டுமே வர முடியும், ஒவ்வொரு முறையும் என் செல்பேசியில் நான் அனுமதி கொடுத்தால்தான். பதிவுகளும் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கின்றன. இதெல்லாம் ஒரே நாள் வேலை.

அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் பாக்கி. போனில் சொல்ல மனம் வரவில்லை. வரச்சொல்லி, எதிரில் உட்கார வைத்து, நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எது வரைக்கும் கேட்டாங்க?"

சொன்னேன்.

"என் மாமியார் விஷயம் வந்துச்சா?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்."

"கேட்டவங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது. உங்க பேரும் அதுல வரல."

அந்தப் பதிவை அழிக்க வேண்டும், அதைத் தானே செய்ய வேண்டும் என்றார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அழித்தார். கணினியின் குப்பைத் தொட்டியிலும் இருக்குமே என்று கேட்டு, அங்கிருந்தும் அழித்தார். வித்துராவில் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். அவர் எதிரிலேயே உதவியாளரைப் போனில் கூப்பிட்டு, இல்லை என்று உதவியாளர் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

சில வாரங்கள் அவர் வரவில்லை. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இனி ரெக்கார்டிங் வேண்டாம்" என்றார். "நீங்க மட்டும் கேட்டா போதும்."