நான்காம் கூண்டின் மூச்சு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. லூசியானாவில் இருபத்தாறு வருடம் ஜாக்கியாகக் குதிரைமேல் காலம் தள்ளியவன் நான், பிளாசிட் கீட்ரி. பயமெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. ஆனால் அன்று நடந்தது நிஜம்.

டிசம்பர் கடைசி. பெண் குதிரைகளுக்கான பெரிய பரிசுப் பந்தயம். தூறல், பனிமூட்டம். எடை குறைக்கக் காலையிலிருந்து நீராவி அறையில் வெந்து, அரை முட்டை தின்றுவிட்டு வந்திருந்தேன். கூட்டமெல்லாம் மைதானத்தை ஒட்டிய காசினோவுக்குள் பொத்தான் தட்டிக்கொண்டிருந்தது. வெளியே எங்களைப் பார்க்க நாற்பது பேர் இருந்தால் அதிகம்.

டிரெய்னர் எர்லீன் என்னைச் சேணத்தில் ஏற்றிவிட்டார். வயது அறுபத்தெட்டு. அவரிடம் மிச்சமிருந்த ஒரே குதிரை, நான் ஓட்டவிருந்த மாலிதான்.

"ஜெயிச்சா இவ என்கிட்டயே இருப்பா. இல்லேன்னா திங்கக்கெழம ஏலத்துக்கு அனுப்பியாகணும். மேல போய்த் தூங்கி வழியாதடா."

"தூங்கினா அவளே எழுப்பிடுவாக்கா."

அவர் சிரிக்கவில்லை.

பந்தயம் கிளம்பும் கேட்டில் குதிரைக்கு ஒரு கூண்டு. எங்களுக்கு ஐந்தாவது. எல்லாரும் கேட்டுக்குள் நுழைந்த பிறகு, நான்காம் கூண்டுக் குதிரை துள்ளிக் காலை இடித்துக்கொண்டது. குதிரை டாக்டர் வேண்டாமென்று கையசைத்தார். அதைப் பின்பக்கமாக வெளியே கொண்டுபோனார்கள். எங்கள் இடப்பக்கத்து நான்கு காலி.

காலிதான். ஆனால் அங்கே மூச்சு கேட்டது...

புஸ்ஸ்... புஸ்ஸ்...

குதிரையின் மூச்சு. மாலி காதை மடக்கிக்கொண்டு வலப்பக்கம் ஒதுங்கினாள்.

அப்போது இடப்பக்க விளிம்பில் ஓர் ஆள் ஏறினான். கூண்டுக்குள் குதிரையின் தலையைப் பிடித்து நிமிர்த்துவது கேட் ஆட்களின் வேலை. அதனால் முகத்தை நான் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தேன். தோல் கையுறை. அதில் சுண்டுவிரல் மட்டும் வெறுமையாகத் தொங்கியது.

"போகாத, ரூபி."

"ரூபி இல்லய்யா, மாலி."

மணி அடித்தது. கதவு திறந்தது.

அவன் விடவில்லை.

"விடுய்யா!"

விடவில்லை...

மற்றக் குதிரைகள் கிளப்பிய சேறு என் முகத்தில் விழுந்த பிறகுதான் விட்டான்.

மாலி தட்டுத்தடுமாறி ஓடினாள். சேறு பிடிக்கவில்லை போலும் என்று நானும் விரட்டவில்லை. கடைசியாக வந்தோம். எர்லீனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேட் ஆள் பிடித்து நிறுத்தினால் ஜாக்கி புகார் சொல்லலாம். ஓட்டப்பாதை ஓரத்துப் போனை எடுத்து நடுவர்களிடம் கத்தினேன்.

ஒரு நடுவர் மறுபடி லைனுக்கு வந்தார்.

"பிளாசிட்... பந்தயப் படத்த ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டோம். உன் கூண்டுல யாருமே இல்ல."

"அப்ப யாரு பிடிச்சா?"

"தெரியல. ஆனா கடிவாளப் பட்ட யாரோ இழுக்கற மாதிரி இடப்பக்கமா விறைச்சு நிக்குது. உன் ரெண்டு கையும் குதிரையோட பிடரியிலதான் இருக்கு."

லாயத்துக்கு வந்ததும் மாலி முன்னங்காலை ஊன்றவில்லை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் மயிரிழை விரிசல், சில நாள் பழையது.

"மத்ததுங்களோட பாஞ்சிருந்தா மொதப் பாய்ச்சல்லயே ஒடிஞ்சிருக்கும். அவ அடியில சிக்கி நீயும் கூழாயிருப்ப," என்றார்.

காலில் விரிசல் விழுந்த குதிரையை ஏலத்தில் எவன் வாங்குவான்? மாலி இனி எங்கும் போகமாட்டாள். எர்லீன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"ரூபின்னா யாருக்கா?" என்றேன்.

அழுகை நின்றது. ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்துவிட்டார்.

"இவளோட அம்மாடா. இவளப் பெத்துட்டுத் திரும்ப ஓட வந்தப்ப, இதே கேட்டுல, பந்தயம் பொறப்படும்போதே கால் ஒடிஞ்சு விழுந்தா. தலையப் பிடிச்சிருந்த ஆளு அவ அடியில மாட்டிக்கிட்டான். கால் சரியில்ல, கதவத் தொறக்காதீங்கன்னு கத்தினானாம். யாரும் காதுல வாங்கல. ரெண்டு பேருமே போயிட்டாங்க."

"அவனுக்குச் சுண்டுவிரல்..."

"கெடையாது. உனக்கு எப்படித் தெரியும்?"

இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

"ரூபி எந்தக் கூண்டுல நின்னா?"

"நாலு."

அந்த மூச்சைப் பற்றி எர்லீனிடம் நான் இதுவரை சொல்லவில்லை.