ஆலாவுக்குப் பின்னால் போனவர்கள்

என் அண்ணனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் பெரிய கடலோடிகள் என்ற நினைப்பு. தெரிந்த வித்தை ஒன்றுதான். ஆலாப் பறவைகள் எங்கே கூட்டமாக விழுந்து எழுகின்றனவோ அங்கே சூடை மீன் இருக்கும். உடனே படகை விரட்டிப்போய்ச் சுருக்குமடி வலையை வளைத்துப் போடுவார்கள். சூடையோடு ஆலாவும் சிக்கிச் சாகும். வழிகாட்டிய பறவையைக் கொன்றுவிட்டு மீசையை முறுக்குகிற வீரம்.

நான் அப்போது ஒரு பறவை ஆய்வுக் குழுவில் வேலைக்கு இருந்தேன். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் ஆலாக்கள் முட்டையிடும். சித்திரை வெயிலில் அங்கே செருப்பைத் தாண்டிச் சுடும். வருஷத்துக்கு வருஷம் மோசம். முட்டை மேல் பெரும்பாலும் பெட்டைதான், சிறகைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு. அது உட்காருவது நிழல் கொடுக்க. ஆண்தான் மீன் கொண்டுவந்து ஊட்டவேண்டும். மேல்தண்ணீர் கொதித்துச் சூடை ஆழத்துக்குப் போய்விட்டதால் ஆண் வெகுதூரம் அலைந்தது, படகுகள் நிற்கும் இடம்வரை.

நான் பார்த்துவந்த ஒரு ஜோடியில் ஆணின் காலில் சிவப்பு வளையம் மாட்டியிருந்தோம். ஒருநாள் கரையில் அண்ணன் வலையை உதறியபோது அந்த வளையத்தோடு அது விழுந்தது, ஈரத்துணி போல.

"இதோட பொட்ட அங்கன முட்டை மேல கெடக்குண்ணே, பட்டினியா," என்றேன்.

"உக்காந்துதான இருக்கு? அதுக்கென்ன கஷ்டம்?" என்றான் ஒரு கூட்டாளி. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுக்காத ஜென்மங்கள்.

மறுநாள் பெட்டை அப்படியே இருந்தது. எழுந்தால் முட்டை வெந்துவிடும், எழாவிட்டால் அது செத்துவிடும். உச்சிவெயிலில் எழுந்து பறந்தது. முட்டைக்கு நிழல் பிடிக்க நான் குடையோடு கிட்டே போனால் அது திரும்பி வராது என்பதால் தள்ளியே நின்றேன். வெகுநேரம் கழித்து வெறும் அலகோடு வந்து மறுபடி முட்டை மேல் உட்கார்ந்து சிறகை விரித்தது. அவ்வளவு நேர வெயிலுக்கு அந்த முட்டையில் உயிர் மிஞ்சியிருக்காது. அதற்குத் தெரியவில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன்.

சாயங்காலம் அண்ணன் வாசலில் சாவகாசமாகக் கேட்டான்.

"ஏத்தா, நாளைக்கு ஆலா எங்கன கூடும்? நீதான் தெனம் பாக்குறியே."

தெற்கே கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரு சூடை கிடையாது.

"அங்கன போங்கண்ணே, அள்ளிக்கிட்டு வரலாம்," என்றேன்.