பத்துப் பங்கு அக்கா

நிறுவன இணைப்புத் திட்டத்தை அக்கா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். "முன்னாடி பூரா கல்யாணப் பத்திரிகை தம்பி. வில்லங்கம் பின்னாடிதான் இருக்கும்" என்பார், வரிக்கு அடியில் ஸ்கேலை நகர்த்தியபடி.

வங்கியில் ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். ஏகப்பட்ட நிறுவனங்களில் பத்துப் பத்துப் பங்குகள் வைத்திருக்கிறார். எந்த இரண்டு நிறுவனங்கள் ஒன்றுசேர நினைத்தாலும் பங்குதாரர் கூட்டத்துக்கு வந்துவிடுவார். எங்கள் நிறுவனக் கூட்டங்களில் குறிப்பெடுக்கும் நான் எழுதுவேன்: ஆதரவு, பல லட்சம் பங்குகள், எதிர்ப்பு, பத்து. வெளியே ஸ்கூட்டரோடு காத்திருக்கும் கணவர் ஒருமுறை சொன்னார்: "வீட்ல எதைச் சொன்னாலும் சரிங்கறா. அதான் பயமா இருக்கு."

சென்ற ஆண்டு, நொடித்துப்போன ஒரு காகித ஆலையை எங்கள் நிறுவனம் தன்னோடு இணைத்துக்கொள்ளப் பார்த்தது. ஆலையின் மதிப்பில் பாதி, வெளிநாட்டுக்கு அனுப்பிய சரக்குக்கு வரவேண்டிய தொகை. அதற்கு அங்குள்ள வங்கி பொறுப்பேற்று எல்.சி. என்னும் கடிதம் கொடுத்திருந்தது.

கூட்டத்தில் அக்கா எழுந்தார். "சார், எல்.சி. மார்ச்சோட முடிஞ்சுபோச்சு. சரக்கு கப்பல்ல ஏறினது ஏப்ரல்ல. அந்த பேங்க் எதுக்குப் பணம் தரணும்?"

"ஆடிட்டர் பாத்துட்டாரு அக்கா. டீ சாப்பிடுங்க" என்றார் தலைவர். அரங்கம் சிரித்தது. நானும்தான். வாக்கெடுப்பில் திட்டம் நிறைவேறியது.

போகும்போது என் மேசையருகே நின்றார். "சிரிச்சது போகட்டும் தம்பி. பக்க நம்பரை எழுதிக்கோங்க. நூத்தி நாப்பத்தி ரெண்டு."

எழுதினேன். என் கூட்டக் குறிப்பைப் பார்த்து, ஒப்புதல் தரவேண்டிய தீர்ப்பாயம் அந்தப் பக்கத்தைப் புரட்டியது, வங்கியைக் கேட்டது. வங்கி கையை விரித்தது. ஆலையின் மதிப்பு பாதியானது. அதை முழு விலைக்குத் தலையில் கட்டிக்கொள்ள இருந்த எங்கள் பங்குதாரர்கள் தப்பினார்கள்.

திருத்திய திட்டத்துக்காக மறுபடி கூட்டம். "நம்ம நிர்வாகம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்ததால பிழை கிடைச்சுது" என்றார் தலைவர். பலத்த கைதட்டல். பிறகு, "அக்கா இனிமே நமக்கு ஆலோசகரா இருக்கணும். மேல வாங்கக்கா, நம்மாளு நீங்க" என்று தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

அக்கா மேடையேறினார். நாற்காலியை இரு கைகளாலும் தூக்கினார். ஒவ்வொரு படியாகக் கவனமாக இறங்கி, மூன்றாம் வரிசை ஓரத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.