இரும்புச் சட்டைக்கு எந்த நம்பர்

நாச்சி செத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் தேயிலை மலை ஊரான ரிங்லெட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாச்சி நிஜ ஆள் இல்லை. பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் லெட்சுமி நடத்தும் வீராங்கனை. இருந்தாலும் அவள் விழுந்ததும் லெட்சுமி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். நான் தேயிலை பேக்டரியின் சல்லடை ரூமில் பல வருடம் நின்றவள். இப்போது நசீர் பாயின் சாப்பாட்டுக் கடை மாடியில் வார இறுதிகளில் இந்த விளையாட்டை நடத்தித் தருகிறேன். கதை சொல்வது, பூதங்களுக்குப் பகடை உருட்டுவது, சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. மழைக்கு ஒதுங்கும் டூரிஸ்டுகள் எழுந்து போகாமல் ரொட்டிக்கு மேல் ரொட்டி கேட்பார்கள் என்பது பாயின் கணக்கு. மற்றபடி பூதம் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

வாராவாரம் வருகிறவர்கள் லெட்சுமியும் லோரி ஓட்டும் முருகையா அண்ணனும். இருவரும் எங்கள் பேக்டரி ஆட்கள்தான். எங்களிடம் இருந்தது பழைய எடிஷன் புத்தகம். அதில் உடுப்பு எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் கவச நம்பர் குறையக் குறைய நல்லது. வெறும் துணி கட்டியவனுக்கு ஒன்பது, இரும்புச் சட்டைக்காரிக்கு இரண்டு. சல்லடை பார்த்தவர்கள் மண்டையில் இது ஏறவே ஏறாது. எங்களுக்கு நம்பர் கூடினால் சல்லடைக் கண் சிறியது, கண் சிறியதானால் எதுவும் புகாது. அதனால் ஆரம்பத்திலேயே எல்லா நம்பரையும் இருபதிலிருந்து கழித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். நாச்சியின் இரும்புச் சட்டைக்குப் பதினெட்டு. முருகையா அண்ணனின் மந்திரவாதி வேட்டியோடு திரிகிறவர், அவருக்குப் பதினொன்று. பூதத்தின் இருபது முகப் பகடை அந்த நம்பரைத் தொட்டால் அல்லது தாண்டினால்தான் அடி படும். வசதியாக இருந்தது. திருப்பிப் போட்டோம் என்பதே நாளடைவில் மறந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து அரவிந்த் என்பவரும் அவர் மனைவியும் புதிய எடிஷன் புத்தகத்தோடு வந்தார்கள். பாய் மேலே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மேசைக்கு எடமில்ல செல்வி. எல்லாத்தையும் ஒண்ணா உக்கார வை. ஒரே வெளையாட்டுதானே?"

பாய்க்கு எல்லாமே ஒரே விளையாட்டுதான். புதிய எடிஷனில் கவச நம்பர் கூடினால் நல்லது. பழைய ஆளை அப்படியே அதற்குள் நடக்கவிட்டால் செத்துப்போவான். நான் புதிய புத்தகத்தின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். அரவிந்த் நல்ல மனிதர், எங்கள் ஆட்களின் நம்பர்கள் எழுதிய ஷீட்டுகளைத் தானே மாற்றித் தருவதாகச் சொன்னார். பழைய எடிஷன் என்றால் இருபதிலிருந்து கழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், கழித்தார். ஏற்கெனவே கழித்த நம்பர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாச்சிக்கு இரண்டு என்று விழுந்தது.

பாறைப் பூதத்தின் ஒவ்வொரு அடியும் அவள் மேல் பட்டது. புதிய எடிஷன் பூதம் முரடு போலிருக்கிறது என்று நானும் உருட்டிக்கொண்டே இருந்தேன். நாச்சி விழுந்தாள். எங்கள் மேசையில் செத்தால் செத்ததுதான், எழுப்ப மாட்டோம்.

லெட்சுமி சல்லடை மெஷின் இரைச்சலில், வாயில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறவள். அங்கே அவள் பேசினால் யாருக்கும் கேட்காது. இந்த மேசையில் நாச்சி சொன்னால்தான் கூட்டம் நகரும். நாச்சி போனால் லெட்சுமியும் இனி மாடி ஏற மாட்டாள்.

படி வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அண்ணே, ஒங்க வேட்டிக்கு எவ்ளோ போட்டிருக்கு?"

முருகையா அண்ணன் ஷீட்டைப் பார்த்தார். "ஒம்பது."

"வேட்டிக்கு ஒம்பது, என் இரும்புக்கு ரெண்டா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சல்லடைக் கதையைச் சொன்னேன். அரவிந்தின் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. ஆள் செத்த பிறகா கணக்கை மாற்றுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எந்த எடிஷனிலும் வேட்டி இரும்பை ஜெயிக்காது என்று அரவிந்தே சொல்லிவிட்டார். பூதம் உருட்டியதில் பெரியது பதினாறு. பதினெட்டை ஒன்றுகூடத் தொடவில்லை.

"நீங்க திருப்புனத நான் மறுபடி திருப்பிட்டேன். சாரி லா அக்கா," என்றார் அரவிந்த். லெட்சுமி பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். நாச்சி எழுந்தாள்.

அன்றிலிருந்து எந்த எடிஷன் ஷீட்டோடு யார் வந்தாலும் நான் முதலில் நம்பரைக் கேட்பதில்லை. உங்கள் ஆள் என்ன உடுத்தியிருக்கிறார் என்று கேட்பேன். துணியா, தோலா, இரும்பா என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் நம்பர் போடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நம்பர் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், சட்டை மாறாது.

சில வாரம் கழித்து நாச்சி மறுபடியும் செத்தாள். எல்லார் கண் முன்னாலும் உருட்டினேன், பகடையில் இருபது விழுந்தது. லெட்சுமியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் குனிந்து பகடையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இது பட்ட அடிதான் செல்விக்கா," என்றாள். "புது ஷீட்டு ஒண்ணு குடுங்க."