தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள்

அப்போது டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்து மொழிப் பள்ளியில் டேனிஷ் படித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தைக் கூப்பிடத் தமிழ் அகதிகள் கொடுத்த விண்ணப்பங்களை அரசு தொடாமல் வைத்திருந்த காலம். என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள்.

அவுஸ்திரேலியாவுக்குப் போய்வந்த ஆசிரியை ஒருநாள் அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய நிலத்துக்கும் ஒவ்வொரு நிறம். அவர்கள் எல்லோரும் ஒரே மொழி பேசுகிறவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்களில் சிலர், பிறர் நிலத்துக்குப் போனால் நேரே உள்ளே நுழைய மாட்டார்களாம். குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளி, அங்குள்ளவர்கள் பார்க்கும்படி உட்கார்ந்திருப்பார்களாம். நிலத்துக்குரியவர்கள் வந்து கூட்டிப்போகும்வரை காத்திருப்பதுதான் மரியாதையாம்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"யாராவது கட்டாயம் வருவார்கள்," என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கென்ன, பின்னேரம் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் ஆள் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மனைவிக்கு இதைத்தான் சொன்னேன். வேறு கதை இருக்கவில்லை. ஒருவனுக்கு மட்டும் சோறு வடிப்பதில் சொல்ல என்ன இருக்கிறது?

"எங்களைப் போலத்தான் அவையும். ஆரும் வந்து கூப்பிடும்வரைக்கும் இருக்கினம்," என்றேன்.

"எங்களைப் போலயோ?" என்றாள். "அவையள் கண்ணுக்குத் தெரியிற தூரத்திலை எல்லோ இருக்கினம்."