தோணியில் வந்த ஏழு பேர்

ஜேர்மனியின் எசன் நகரில் தம்பித்துரை அண்ணையைத் தெரியாத தமிழர் குறைவு. பஸ் ஓட்டுகிறார். வருடத்தில் ஒரு நாள், எங்கள் நெசவுச் சமூகத்தின் ஒன்றுகூடலில் மட்டும் மைக்கைப் பிடிப்பார், பிடித்தால் விடமாட்டார். பேச்சு எப்போதும் ஒன்றுதான். காஞ்சிபுரத்திலிருந்து ஏழு அண்ணன் தம்பிமார் தறியைக் கழற்றித் தோணியில் ஏற்றி, யாழ்ப்பாணக் கரையில் வந்து இறங்கிய கதை. வருடத்துக்கு வருடம் அலை பெரிதாகும், எங்களுக்குப் பொரித்து வைத்த ரோல்ஸ் ஆறிப்போகும். "அண்டையிலையிருந்து இண்டைவரைக்கும் கலப்பில்லாத சனம் நாங்கள்!" என்று முடிப்பார். நாங்களும் பசியில் கைதட்டுவோம்.

போன வருடம் அவருடைய மகள் மிதுஷா, இங்கே டார்ம்ஸ்டாட் நகரில் படித்த விஷாலைக் கட்டப்போவதாகச் சொன்னாள். தமிழ்நாட்டுப் பையன், வேறு சாதி. "ஏலாது" என்றார் அண்ணை. "நீங்கள் வராட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்" என்றாள் அவள். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாத மகள். எனக்கானால் அண்ணைமேல் கோபம் கோபமாக வந்தது. பிள்ளை சாப்பாடே இறங்காமல் மெலிந்துபோனாள்.

அந்த வருட ஒன்றுகூடலிலும் ஏழு பேரும் வந்து இறங்கினார்கள். "கலப்பில்லாத" என்று அண்ணை வாயெடுக்க, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கமலாம்பிகை அக்கா கேத்திலைக் கீழே வைத்தார்.

"இஞ்சாருங்கோ, தோணியிலை பொம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"இல்லை. ஏழும் ஆம்பிளையள்."

"அப்ப அவைக்கு ஆர் பொம்பிளை குடுத்தது?"

மண்டபமே சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. இத்தனை வருடமாகத் தான் ஓட்டிய தோணியில் ஒரு பெண்ணைக்கூட ஏற்றவில்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். அன்றுதான் எங்களுக்கு ரோல்ஸ் சூடாகக் கிடைத்தது.

கொஞ்ச நாள் போனது. பிறகு அவரே விஷாலுக்குப் போன் எடுத்தார். "தம்பி, ஒருக்கா வீட்டை வாங்கோ."

இந்தச் சித்திரையில் கலியாணம். தாலி கட்டி முடிந்ததும் அண்ணை மைக்கைக் கேட்டு வாங்க, நாங்கள் சாப்பாட்டு மேசையைத் திரும்பிப் பார்த்தோம். ஆனால் இந்த முறை அலையும் இல்லை, புயலும் இல்லை.

"ஏழு பேர் வந்தவை. ஆர் எவர் எண்டு தெரியாத அவைக்கு அந்த ஊர்ச் சனம் பொம்பிளை குடுத்தது. அதாலைதான் நாங்கள் இருக்கிறம். குடுத்தவையின்ரை பேர் ஒண்டும் எங்களுக்குத் தெரியாது."

பிறகு மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இண்டைக்குப் பொம்பிளை குடுக்கிறது நான். என்ரை பேர் தம்பித்துரை."